ரொட்டிக்குள் அயோடின் வந்த கதை

கேள்வி: இங்கே கடையில் வாங்கும் ரொட்டிப் பாக்கெட்டில் 'அயோடின் கலந்த உப்பு' என்று போட்டிருக்கிறதே, எதற்கு? எப்போது வந்தது இந்த வழக்கம்?
– வாசகி, சிட்னி

பதில்: ரொட்டியில் அயோடின் கலந்த உப்பையே சேர்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் 2009 அக்டோபரில் வந்த சட்டம் அது. ஆர்கானிக் ரொட்டிக்கு விலக்கு உண்டு. எல்லாம் கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பிக்காகத்தான்.

தைராய்டு சுரக்கும் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். வராவிட்டால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை ஓயாமல் தூண்டும்; தைராய்டு வீங்கி முன்கழுத்துக் கழலை ஆகும். அதைவிடப் பெரிய கவலை கருவிலிருக்கும் குழந்தை. முதல் சில மாதங்கள் அதன் மூளை வளர்வது தாயின் தைராக்சினை நம்பித்தான்.

ரொட்டிக்கு முன்னால் ஆஸ்திரேலியர்களுக்கு அயோடின் கொடுத்தது பால். மாடு கொடுத்ததல்ல! 1960களிலிருந்து பால் பண்ணைகளில் கறவை இயந்திரங்களையும் தொட்டிகளையும் அயோடின் கலந்த கிருமிநாசினியால் கழுவினார்கள். அவற்றில் ஒட்டியிருந்தது பாலில் கலந்தது. யாரும் திட்டமிடாமலே ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு அயோடின் கிடைத்தது. பிறகு பண்ணைகள் குளோரின் கலவைக்கு மாறின. பாலில் அயோடின் குறைந்தது. யாரும் கவனிக்கவில்லை. சிட்னி மருத்துவர் கிரெஸ்வெல் ஈஸ்ட்மனும் குழுவினரும் 2003-04இல் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தபோதுதான் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா இரண்டிலும் பற்றாக்குறை இருப்பது உறுதியானது; ரொட்டிச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். பொதுச் சுகாதாரத்தில் அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் வழி வேறு. இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. சமையல் உப்பே அயோடின் உப்பானது.

ஆஸ்திரேலியாவிலுள்ள நம் வீடுகளுக்கு ரொட்டிச் சட்டத்தில் ஒரு சிக்கல். இட்லி, சோறு என்று சாப்பிட்டு ரொட்டியைத் தொடாதவர்களுக்கு அந்தச் சட்டத்தால் பயனில்லை. இங்கே கடையில் அயோடின் உள்ள உப்பும் இல்லாத உப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தினம் 150 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரை எடுப்பது இங்குள்ள அரசு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிந்துரை. ஏற்கெனவே தைராய்டு நோய் உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.