ஓடும் பொறியும் மாறும் அமைவும்

பலர்க்கும் ஒருங்கே பணிபுரியும் கணினியை வழங்கி என்பர். பரீட்சைப் பெறுபேற்றையும் வங்கிக் கணக்கையும் நமக்குக் காட்டுவன இவையே. இவற்றில் இயங்கும் மென்பொருள் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பது ஓர் அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். தொடங்குங்கால் மென்பொருள் அதனை ஒருமுறை வாசித்து நினைவிற் கொள்ளும். பின்னர் நாம் கோப்பைத் திருத்தினும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தானாக அதனை அறிவது அரிது. அதனை அறிவிக்கும் முறையே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்விடர் நம் நாட்டார்க்குப் புதிதன்று. 1996 மே 25 இல் இலங்கை நேரம் ஒரு மணி முன் தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 26 இல் அரை மணி பின் வந்தது. 2006 ஏப்பிரல் 15 இல் பழைய நேரமே மீண்டது. அப்பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்றில. "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என வினவியே அந்நாளில் யாமெல்லாம் நேரம் குறித்தோம். கணினியுள்ளும் இதுவே நிகழும். நேரவலயக் கோப்பை மாற்றியபின்னும், குறித்த மணியில் வேலைகளை ஏவும் மென்பொருளை மீளத் தொடக்கும்வரை அது பழைய நேரத்தையே பற்றி நிற்கலாம். ஒரே பொறியுள் இரு நேரம்! மாறாதிருத்தலினும் பாதி மாறுதல் கொடிது என்பது என் துணிபு.

நிறுத்தித் தொடக்கினால் என்னையோ எனின், இடைநடுவில் நிற்போர் பணி அறுபடும். புதிய கோப்பிற் பிழை இருப்பின் மென்பொருள் எழவே எழாது. ஆதலின் யுனிக்ஸ் வழி வந்தோர் ஒரு சமிக்ஞையை ஆண்டனர். அதன் பெயர் சிக்ஹப். முனையத்தின் இணைப்பு அறுந்தது என்பது அதன் முதற்பொருள். முனையமே இல்லாத வழங்கி மென்பொருள்களில் "கோப்பை மீள வாசி" என்பதாயிற்று. நறுமணத்தைக் குறித்த நாற்றம் என்னுஞ் சொல் பட்டபாட்டை அறிந்த நம் மாணவர் இதற்கு வியவார்.

சமிக்ஞை பெற்றதும் எஞ்சின்எக்ஸ் என்னும் வழங்கி மென்பொருள் செய்வது போற்றத்தக்கது. தலைமைச் செயல் புதிய கோப்பை முழுதும் சோதிக்கும். பிழை காணின், பழைய அமைவுடனேயே தொடரும். செம்மையாயின், புதிய பணிச்செயல்களைத் தொடக்கி, பழையவற்றை ஓயச் சொல்லும். அவையோ புதியோரை ஏலாது, கைக்கொண்ட பணியை முடித்தே ஓயும். நேரசூசி மாறிய நாளில், தொடங்கிய பாடத்தைப் பழைய மணிப்படி முடித்து எழும் ஆசிரியர் போல என்க.

எல்லா அமைவும் இவ்வாறு மாறா. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திற் பொதுநினைவகத்தின் அளவை மாற்ற மீளத் தொடக்கியே ஆகவேண்டும். அதனை அது பதிவேட்டிற் குறித்துவிடும். வாளாவிருக்கும் மென்பொருளே அஞ்சத்தக்கது.

2025 நவம்பர் 18 இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வழங்கிகள் தளர்ந்து, உலகெங்கும் பல தளங்கள் முடங்கின. தானாக உருவாகிப் பரவும் ஒரு கோப்பு இருமடங்காகி, மென்பொருள் ஏற்கும் 200 கூறுகள் என்னும் எல்லையை மீறிற்று. மென்பொருள் அதனை ஒதுக்காது தானே வீழ்ந்தது. பொறியியலாளர் முன்னைய நற்கோப்பொன்றைத் தம் கையால் இட்டபின்னரே நிலை சீர்ப்படலாயிற்று.

மாணவர் இதனைத் தம் கணினியிலேயே செய்து காணலாம். எஞ்சின்எக்ஸ் கோப்பில் ஓர் அரைப்புள்ளியை நீக்கி, மீள வாசிக்கப் பணியுங்கள். பக்கம் முன்போல் வரும். அடுத்து, அதே கோப்புடன் நிறுத்தித் தொடக்கிப் பாருங்கள்.