முதலும் மதலையும்

ஆரணிக்கும் போளூருக்கும் இடையே திருமலை என்னும் சிற்றூர் ஒன்றுளது. அங்குள்ள குன்றிலே பாறையிற் செதுக்கிய நேமிநாதர் திருவுருவம் நெடுங்காலமாக நின்று விளங்குகின்றது. அவ்விடம் பொருளை முற்றத் துறந்த சமண முனிவர்க்கு உறைவிடமாயிருந்தது. ஆரணியோ பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற நகர். தறியில் நாள்முழுதும் உழைத்துப் பொருளீட்டும் குடும்பங்கள் பல ஆண்டு வாழ்கின்றன. துறத்தல் ஒரு நெறி. ஈட்டல் ஒரு நெறி. இவற்றுள் கிறிஸ்தவன் கொள்ளத்தக்கது யாது?

‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் இரண்டு பொருள்களை இணைத்துரைக்கின்றார். முதற்பணம் இன்றி வாணிகம் செய்வான் ஆதாயம் காணான். அவ்வாறே தாங்குவார் இன்றி வாழ்வான் உறுதிபெறான் என்பது அவர் கருத்து. அங்ஙனம் தாங்குவதை அவர் ‘மதலை’ என்கின்றார். மதலையாவது தூண். முதல் வேறு, மதலை வேறு என்பது இதனால் விளங்கும். முதலையே மதலையாகக் கொள்வதன்றோ மக்களின் பிழை?

சென்னையிலே அர்பத்நாட்டு வங்கி பெருமதிப்புடன் விளங்கியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அது முறிந்தது. வாழ்நாட் சேமிப்பை அதில் வைத்திருந்தோர் பலர் கதிகலங்கினர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டு சிறைத் தண்டனை அடைந்தார். நூறாண்டும் கடந்த பின், 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆரணியிலும் கிளை வைத்திருந்த ஆருத்ரா கோல்டு நிறுவனத்தைக் காவல்துறையினர் சோதனையிட்டனர். நூற்றுக்கு முப்பது வரை மாதவட்டி தருவதாகக் கூறி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது என்பது அவர்கள் கூற்று.

பின்னதைக் கேட்டவுடன், ‘இது பேராசையின் விளைவு’ என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். முன்னதில் பணம் வைத்தோரிடம் அத்தகைய ஆசை யாது இருந்தது? அவர்கள் நாடியது பெரும்பேர் பெற்ற நிறுவனத்தின் பாதுகாப்பையே. பின்னதிலும், மகளின் மணத்தையும் முதுமையின் நோயையும் எண்ணி அஞ்சியே பணம் வைத்தோர் இலரோ? ஆசையினும் ஆழமாய் நம் உள்ளத்தில் இருப்பது நாளையைப் பற்றிய அச்சமே.

நம் ஆண்டவர் அவ்வச்சத்தை அறிந்தே, லூக்கா 12ஆம் அதிகாரத்தில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையைக் கூறினார். அச்செல்வன் களவாடினான் அல்லன். வட்டிக்கு ஈந்தான் அல்லன். அவன் நிலம் நன்கு விளைந்தது, அவ்வளவே. விளைச்சலைக் காட்டித் தன் ஆன்மாவுக்கு ஆறுதல் சொன்னதே அவன் பேதைமை. அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. களஞ்சியம் அதற்கு விடைகூற இயலவில்லை.

பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில், செல்வர்க்கு உரைக்கவேண்டிய கட்டளையைக் காண்கின்றோம். செல்வத்தை எறிந்துவிடும்படி அவர் கூறவில்லை. நிலையற்ற அதன்மேல் நம்பிக்கை வையாது தேவன்மேல் வைக்கவும், பிறர்க்குப் பகிர்ந்தளிக்கவும் சொல்கின்றார். நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. ஈட்டுக; சேமிக்க; ஆராய்ந்து நம்பத்தக்க இடத்தில் வைக்க. ஆயின் அதன்மேற் சாயற்க.

ஈண்டு மற்றொரு மயக்கமும் களையத்தக்கது. காணிக்கை செலுத்தினால் அது பன்மடங்காய்த் திரும்பும் என்று போதிப்பாரும் உளர். அப்போதனை தேவனையே மாதவட்டி தரும் நிறுவனமாக்கிவிடுகின்றது. அங்கும் நம்பப்படுவது பணமே. தேவன் அதற்குக் கருவியாகின்றார். மெய்யான விசுவாசமோ இழந்த பணம் மீளாவிடினும் அவரை விடாது பற்றுவது. சிலுவையைச் சுமந்தவர் தம் அடியார்க்கு வறுமையே வாராது என்று வாக்களித்தார் அல்லர். அவர்களைக் கைவிடேன் என்றே வாக்களித்தார்.

மாணவ நண்பர்களே! நாம் வேலையும் ஊதியமும் நாடிச் செல்லும் காலம் அண்மையில் உளது. நம் மதலை எது என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. நம் கையிருப்புக் குறையும்போது நம் நேர்மையும் உடன் குறைகின்றதா? நம் கதவைத் தட்டும் ஏழைக்குத் திறக்கும் கை நடுங்குகின்றதா? ஆம் எனின், நாம் முதலின்மேற் சாய்ந்து நிற்கின்றோம். இல்லையெனின், பொருள் வரினும் போயினும் நாம் விழோம். நம்மைத் தாங்குபவர் நம் ஆண்டவர்.