கவச உடை

பெங்களூரு விவேக் நகரில், குழந்தை இயேசு திருத்தலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது அத்தெருக்களும் வெறிச்சோடின. மருத்துவமனைகள் திறந்திருந்தன.

நோய் பெருகினால் மருத்துவமனைகளின் வருவாயும் பெருகும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு அரசு அறிவுறுத்தியிருந்தது. புறநோயாளிகளோ அச்சத்தால் வரவில்லை. தனியார் மருத்துவமனைகளின் வருவாயில் பெரும்பகுதி இவ்விரண்டிலிருந்தே கிடைப்பது. வரவு சுருங்கியது, ஊதியமும் மின்கட்டணமும் குறையவில்லை. அதன்மேல் கவச உடை என்னும் புதுச்செலவு! ஒருமுறை அணிந்ததைக் கழற்றி எறிந்தே ஆகவேண்டும். உலகமே ஒரே வேளையில் அதைத் தேடியதால் விலையும் ஏறியது. முகக்கவசத்தின் விலையும் அவ்வாறே ஏற, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கப்படலாகாது என்று அரசே வரம்பு விதிக்க நேர்ந்தது.

பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். சட்டை தைப்போருக்குக் கவச உடை தைப்பது எளிதன்றோ? அன்று. ஊசி இறங்கிய இடமெல்லாம் துளை. நோயாளியின் குருதி அத்துளை வழியே உட்புகலாம். ஆகவே தையலின்மேல் ஒட்டுநாடா வைத்து, வெப்பத்தால் உருக்கி, துளைகளை அடைக்கவேண்டும். அந்த நாடாவுக்கும் அப்போது தட்டுப்பாடு.

தைத்த உடையின் மாதிரி கோயம்புத்தூருக்குச் சென்றது. அங்குள்ள 'சிட்ரா' என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில், செயற்கைக் குருதியை அழுத்தத்துடன் செலுத்திச் சோதித்தனர். துணியோ தையலோ கசிந்தால் தேர்ச்சி இல்லை. கடுமையான சோதனைதான், ஆனால், அவ்வுடைக்குள் நின்று பணியாற்றப்போகிறவர் ஒரு செவிலியர் அல்லவா? அணிந்தபின் கழற்றும்வரை நீர் அருந்தவும் அவரால் இயலாது.

மே மாதத்திற்குள் இந்தியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் உடைகள் உருவாயின. அவற்றுள் ஏறக்குறைய பாதி பெங்களூருவில் தைக்கப்பட்டவை. தைத்தோருள் பெரும்பாலோர் பெண்கள்.

சொற்பொருள்
குருதி – இரத்தம். புறநோயாளி – தங்காமல் மருத்துவம் பெற்றுச் செல்பவர். தட்டுப்பாடு – பற்றாக்குறை

வினாக்கள்
1. ஊரடங்கின்போது மருத்துவமனைகளின் வரவு சுருங்கியது ஏன்?
2. தையலின்மேல் நாடா ஒட்டாவிடில் என்ன நேரும்?
3. ஊரடங்கு நாள்களில் உங்கள் தெரு எவ்வாறு இருந்தது? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.