அடிச்சுவரில் ஏறும் பூசணம்

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கினால் வீட்டின் அடிச்சுவரில் கருப்பாகப் பூசணம் படர்கிறது, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தாலும் மறுபடி வருகிறதே, ஏன்?
வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் அப்பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர, செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஈரம் சுவரில் ஏறுகிறது; இதனை நுண்புழை ஏற்றம் என்பர். ஈரமும், உணவாகச் சிறிது தூசியோ டிஸ்டம்பரோ இருந்தால் பூசணம் வளரும் என்பதால், ஈரத்தை நிறுத்தாமல் கறையை மட்டும் துடைப்பது வீண்வேலையே. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதோ, பலர் நம்புவதற்கு மாறாக, ஈரத்தை உள்ளே அடைத்து மேலும் உயரே ஏற்றிவிடும்.

சுவரோரம் தேங்கும் நீரை வடியவிட்டு, ஓட்டு ஒழுக்கையும் அடைத்த பின்னர், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பூசணம் பரவக் காரணமான வித்துகள் எனும் நுண்துகள்கள் பறக்காதவாறு கறையின்மேல் நீர் தெளித்துச் சுரண்டி, சோப்புநீரால் தேய்த்து, சன்னல்களைத் திறந்து உலர்த்த வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். இரண்டையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. சுவர் நன்கு காய்ந்தபின் சுண்ணாம்பு அடிக்கலாம். அதன் கடுங்காரம் பூசணத்துக்கு ஒவ்வாது. மழை ஓய்ந்து பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் இவ்வகையில் காலமறிந்த ஏற்பாடு. பூசணம் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் கழித்துவிடுவதே நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையில் இறங்கக்கூடாது.