மூட்டை கட்டும் முன் காற்றைப் பாருங்கள்

பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே அழைத்துப் போக நம் பக்கம் என்ன இருக்கிறது என்று மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழில் பதில்கள் அவர்களுக்கு.

ஞாயிறு வந்தால் பிள்ளைகள் இருவரும் ‘எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா’ என்று உயிரை எடுக்கிறார்கள். மெரினா, வண்டலூர் என்று கிளம்பினால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. அரை நாளில் போய்த் திரும்ப மணலிக்குப் பக்கத்தில் ஏதாவது உண்டா?
*- ஒரு வாசகி, மணலி*

உண்டு. வெளியே போவதென்றால் தெற்கே போவது என்று நம் ஊரில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. வண்டலூருக்கு 1985-இல் இடம் மாறும்வரை ‘உயிர் காலேஜ்’ என்று நம் பாட்டிமார் சொன்ன மிருகக்காட்சி சாலையே சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டித்தான் இருந்தது!

அரை நாளுக்கு மூன்று இடங்கள் சொல்கிறேன். முதலாவது, மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தோட்டக்கலைத் துறை வைத்திருக்கும் பூங்கா. அகலமான நடைபாதையும் குளமும் பிள்ளைகள் ஓடியாட இடமும் இருக்கின்றன. நுழைவுச்சீட்டு உண்டு. செடி, மரங்களின் பெயர்ப்பலகைகளைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் எத்தனை பெயர் நினைவிருக்கிறது என்று போட்டி வைத்தால் திரும்பும் வழியில் செல்போன் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஐ.சி.எஃப். பக்கம் நியூ ஆவடி சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகம். இந்தியாவின் பெரிய ரயில்பெட்டித் தொழிற்சாலைகளில் ஒன்றான ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது. அருங்காட்சியகம் 2002-இல் வந்தது. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில், மர நிழலில் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு குட்டி ரயிலும் உண்டு.

மூன்றாவது, ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்கா. பெரியவர்களைக் கேட்டால் ராபின்சன் பூங்கா என்பார்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான். அங்கிருந்து சற்றுத் தள்ளி ராயபுரம் ரயில் நிலையம். 1856-இல் திறக்கப்பட்டது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். பூங்காவையும் நிலையத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். மூன்றில் எதற்குப் போனாலும், கிளம்பும் முன் திறக்கும் நேரத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் மாமனாருக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். விடிகாலை ஐந்துக்கே கிளம்பிவிடுகிறார். மார்கழி, தை மாதங்களில் திரும்பி வரும்போது இருமிக்கொண்டே வருகிறார். விடிகாலைக் காற்றுதானே சுத்தமான காற்று?
*- ஒரு வாசகி, மாத்தூர்*

மரங்கள் சூழ்ந்த கிராமத்துக்கு அது பொருந்தும். மணலி, மாத்தூருக்கு எல்லா மாதமும் பொருந்தாது. குளிர் மாதங்களில் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காகப் படிந்து, பானைக்கு மூடி போட்டது போல் நின்றுவிடும். ஆலைப் புகை, லாரிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு மட்டத்திலேயே தங்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலையும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் மாமனாரை எட்டு மணிக்குப் பிறகு நடக்கச் சொல்லுங்கள். போகி அன்று காலை வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் கணக்கு தலைகீழ். வெயிலுக்கு அஞ்சிக் காலை ஏழுக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

ஊகத்தைவிட அளவு நல்லது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலியின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 50 வரை நல்லது, 100 வரை பரவாயில்லை. 101 முதல் 200 வரை இருந்தால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் குழந்தைகளும் முதியவர்களும் வேக நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 200-ஐத் தாண்டினால் அன்றைக்கு வெளிநடை வேண்டாம்.

செல்போன் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று புகைபோக்கிகளைப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துத் தெருக்களை அன்று விட்டுவிடுங்கள். நம் பக்கம் பகலில் கடற்காற்று ஏறியதும் திசை மாறும் என்பதால், காலையில் பார்த்தது மாலைக்கு உதவாது. இருமல் நிற்காவிட்டால் நேரத்தை மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்பீர்கள். 2009-இல் மத்திய வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மிக மோசமாக மாசுபட்டவை என்று குறித்த 43 இடங்களில் மணலியும் ஒன்று. மற்ற ஊர்களில் உல்லாசப் பயணத்துக்கு முதல் கேள்வி ‘எங்கே?’. நம் ஊரில் முதல் கேள்வி ‘எந்த நேரத்தில்?’.

எண்ணூர் முகத்துவாரத்துக்கும் திருவொற்றியூர்க் கடற்கரைக்கும் மாணவர்களை அழைத்துப் போக ஆசை. தண்ணீரில் இறங்க விடலாமா?
*- ஓர் ஆசிரியர், எண்ணூர்*

அழைத்துப் போங்கள். இறங்க விடாதீர்கள்.

திருவொற்றியூர்க் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்கள். பாறை இடுக்கில் வழுக்கும். வளைவுகளின் ஓரத்தில் தண்ணீர் சுழன்று இழுக்கும். நீச்சல் தெரிந்த இளைஞர்களையே அது விடாது. கரையில் நின்று, கடல் எங்கே ஊரைத் தின்கிறது, எங்கே மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று மாணவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். புவியியல் பாடத்தில் ஒரு பக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

முகத்துவாரத்தில் கதை வேறு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் அது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகம் அது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கரையெல்லாம் அப்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றிலும் அலையாத்தி மரங்களிலும் படிந்தது. ஆகவே தண்ணீரும் சேறும் கை படும் இடமல்ல.

ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் அங்கே நிறைய இருக்கிறது. மீனவர் ஒருவர் நேரம் ஒதுக்கினால் ‘பாடு’ முறையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை போடலாம் என்று ஊர்க்காரர்களே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இருளர் மக்கள் வலையே இல்லாமல் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ‘பறி’யில் போடுவதையும் பார்க்கலாம். அவர்கள் வேலை நேரத்தில் குறுக்கே நிற்கக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழவேற்காட்டில் பூநாரை பார்க்கப் போகிறோம். மொத்தம் பத்துப் பேர், கைக்குழந்தையும் உண்டு. படகு ஏறலாமா?
*- ஒரு வாசகர், மணலி புதுநகர்*

படகை மறந்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, உல்லாசமாகப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான். கரையில் யாராவது ‘வாங்க சார், ஒரு ரவுண்டு’ என்று கூப்பிட்டாலும், லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் கைக்குழந்தையோடு ஏறுவது விளையாட்டல்ல.

ஏறாவிட்டாலும் நாள் வீணாகாது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அவை பெரும்பாலும் கரையை விட்டுத் தள்ளித்தான் மேயும். பைனாகுலர் ஒன்று இரவல் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு போங்கள். வெயில் ஏறுமுன் ஏரிக்கரை. பிறகு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர் அல்லவா! கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் மிரள்வார்கள், பிறகு நகர மாட்டார்கள்.

வேன் வைக்க வசதியில்லாவிட்டால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். சொந்த வண்டியில் போனால், நம் பகுதியைத் தாண்டும்வரை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் பயணம். பைக்கில் குழந்தையை முன்னால் உட்காரவைத்துப் போகவே வேண்டாம்.

எனக்குப் பறவைகள் பிடிக்கும். மணலியில் காக்கா, புறாவைத் தவிர ஒன்றுமே இல்லை என்று அண்ணன் சொல்கிறான். உண்மையா?
*- ஏழாம் வகுப்பு மாணவி, மணலி*

அண்ணன் ஏரிப்பக்கம் போனதில்லை போலிருக்கிறது, பாப்பா! ஒரு காலத்தில் சென்னையின் பறவை ஆர்வலர்கள் மணலிச் சதுப்பு நிலத்தைத் தேடி வருவார்கள். சதுப்பு சுருங்கிவிட்டது, பறவைகள் அடியோடு போய்விடவில்லை. கடப்பாக்கம் ஏரி, மாதவரம் ஏரி, ரெட்டேரி மூன்றிலும் பார்க்கலாம். தண்ணீரில் முங்கி வேறிடத்தில் எழுவது முக்குளிப்பான். உடம்பு கறுப்பு, நெற்றி வெள்ளை என்றால் நாமக்கோழி. குச்சி போன்ற இளஞ்சிவப்புக் கால்களோடு ஓரத்தில் நடப்பது நெடுங்கால் உள்ளான். இறக்கையை விரித்து வெயில் காய்வது நீர்க்காகம்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், பறவை, எத்தனை என்று ஐந்து கட்டம் போட்டு எழுது. பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலே போதும், உன் கணக்கும் அதில் சேரும். ஏரிக்குத் தனியாகப் போகாதே. அண்ணனையும் இழுத்துக்கொண்டு போ. கரைச் சரிவில் இறங்காதே.

எல்லாம் சரி. எங்கள் நகரில் ‘பூங்கா’ என்று வரைபடத்தில் காட்டி மனை விற்றார்கள். இன்றைக்கு அங்கே முள்செடியும் இரண்டு பழைய லாரியும்தான் நிற்கின்றன. நாங்கள் எங்கே போய்க் கேட்பது?
*- ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தார், மணலி*

இங்கே வந்த கேள்விகளில் முக்கியமானது உங்களுடையது. வருடத்துக்கு ஒருமுறை பழவேற்காடு போவதைவிட, தினமும் மாலை பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் ஓர் ஊஞ்சல் இருப்பது பெரிது.

மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலாகப் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். முதலில் உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலை வாங்குங்கள். சும்மா கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். மணலி நகராட்சி 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய மனைப்பிரிவு என்றால் பத்திரம் பழைய நகராட்சியின் பெயரில் இருக்கலாம், பதற வேண்டாம்.

தாள்கள் கைக்கு வந்ததும் மணலி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துவையுங்கள். வார்டு உறுப்பினரிடம் நகல் கொடுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது நாலு பேராகப் போய்த் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

‘பூங்கா வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் கோப்பு தூங்கும். முதலில் லாரியை அகற்றி வேலி போடவும், அடுத்து விளக்கு, அதன்பின் வேம்பும் புங்கனும், கடைசியாக ஊஞ்சல் என்று வரிசைப்படுத்திக் கேளுங்கள். வேலிக்கு ஆகும் செலவு சிறியது, சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள். வேலி விழுந்துவிட்டால் அந்த நிலத்தில் அடுத்த லாரி வந்து நிற்காது.