நீரடிமுத்து மரமும் தொழுநோயும்

மேற்குத் தொடர்ச்சி மலைகளில், மழை மிகுந்த பசுமை மாறாக் காடுகளின் ஓடைக் கரைகளில் இயற்கையாக வளரும் மரங்களுள் நீரடிமுத்தும் ஒன்று. மலையாளத்தில் இதனை மரோட்டி என்பர். இதன் விதையெண்ணெய் சொறி, சிரங்கு முதலிய சரும வியாதிகளுக்கும், குஷ்டம் என்னும் தொழுநோய்க்கும் நெடுங்காலம் மருந்தாக வழங்கி வந்தது.

மரத்தின் இயல்பு.— இலைகள் நீண்டு, கூரிய நுனியுடையவை. காய்கள் உருண்டையாய்க் கெட்டியான ஓடுள்ளவை. உள்ளே பல விதைகள் இருக்கும். ஆண் மரமும் பெண் மரமும் வெவ்வேறு. ஆகையால் ஓடைக் கரையில் நட விரும்புவோர் ஒன்றிரண்டு கன்றுகளோடு நில்லாது, பலவற்றைச் சேர்த்து நடுதல் நலம். இன்றேல் காய் காணாமற் போகலாம்.

எண்ணெயும் பிண்ணாக்கும்.— விதைகளை உலர்த்தி, ஓட்டை நீக்கி, பருப்பைச் செக்கிலாட்டினால் இளமஞ்சள் நிற எண்ணெய் கிடைக்கும். குளிர் நாட்களில் அது நெய்போல் உறையும். பிண்ணாக்கு நிலத்துக்கு எருவாகும். ஆனால் அது விஷத்தன்மையுடையதாதலின் கால்நடைகளுக்கு ஒருபோதும் தீனியாக இடலாகாது. ஓடை மீன்களை மயக்கிப் பிடிக்க இக்காயைப் பயன்படுத்தி வந்ததே இதற்குச் சான்று.

சிகிச்சையின் வரலாறு.— இவ்வெண்ணெயை உட்கொண்டால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். ஊசி மூலம் செலுத்தினாலோ வலி மிகும். இக்குறையை நீக்க, 1915-ம் வருஷத்தையொட்டி, ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்னும் இளம் ரசாயன ஆசிரியை, இதே இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயை உடலில் எளிதிற் கலக்கும் மருந்தாக மாற்றும் முறையைக் கண்டார். 1941-ம் வருஷத்தில் சல்போன் மருந்துகள் கையாளப்பட்டபின் எண்ணெய்ச் சிகிச்சை படிப்படியாக மறைந்தது. 1981-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சிபார்சு செய்தது. இம்முறையில் 6 முதல் 12 மாதங்களில் நோய் தீரும். மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது.— உடலில் வெளிறியோ சிவந்தோ தோன்றும் தேமலில் உணர்ச்சி குறைந்திருந்தால், எண்ணெய் பூசிக் காலம் கழிக்கலாகாது. தாமதித்தால் நரம்பு கெட்டு விரல்கள் முடங்கும்; மருந்து நோயைத் தீர்க்குமேயன்றி, நெடுநாள் முடங்கிய விரலை நிமிர்த்தாது. வெட்கத்தால் நோயை மறைப்போர் கிராமங்களில் உளர். அவர்களை இகழாது, தைரியங் கூறி, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புதல் நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய கடமையாகும். மரத்தைக் கரையிற் காப்போம்; நோயாளியை வைத்தியரிடம் சேர்ப்போம்.