மேட்டு வரப்பில் ஒரு பொந்து

பங்குனி மாதத்துக் காலை. குற்றாலத்தை அடுத்த இலஞ்சிப் பக்கம் எங்கள் தோப்பை ஒட்டிய மேட்டு வரப்பில், மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று அதற்குள் போய் வருவதை முந்தின நாள்தான் கண்டுபிடித்திருந்தேன். நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் பொந்துக்கு நேர் எதிரே, பதினைந்து அடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பறவை வந்தது. அலகில் ஒரு தட்டான். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பியில் உட்கார்ந்து, தட்டானைக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு அப்படியே இருந்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம். பொந்துப் பக்கம் வரவே இல்லை. கூட்டைக் கைவிட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தரிசில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணாச்சி, அது ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க பொந்தையே பாக்கியள்லா, அதான் உள்ள போவ மாட்டேங்கு. அந்தச் செடி மறப்புக்கு வந்து இருங்க, போயிரும்.”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு செம்பருத்திக்குப் பின்னால் நகர்ந்தேன். தூரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கிருந்து பொந்து என் கண்ணுக்குத் தெரியவில்லை, கம்பி மட்டும் தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பறவை கம்பியை விட்டுச் சரிந்து இறங்கி மறைந்தது. திரும்பி வந்தபோது அலகு காலி.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கட்டுரையில் படித்தேன். மிலிந்த் வத்வேயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே பச்சைப் பஞ்சுருட்டானை வைத்து ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆள் நிற்கும் இடத்திலிருந்து பொந்து தெரிந்தால் பறவை உள்ளே போகத் தயங்குகிறது; ஆள் பக்கத்திலேயே இருந்தாலும் அவர் கண்ணுக்குப் பொந்து மறைந்திருந்தால் போய்விடுகிறது. எதிராளியின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆட்டுக்காரப் பெண்ணுக்கு இது முன்னமே தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து இந்த 60 சென்ட் தோப்பிலும், அதை ஒட்டிய தரிசிலும் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கினால் ஒரே விஷயம்தான் வரும்: நமக்குப் பார்க்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை, நாம் எதையோ செய்யாமல் விட்டதால் கிடைப்பவை.

எது நம் வசந்தம்?

குற்றாலத்தில் சீசன் என்றால் ஆனி, ஆடிச் சாரல். அருவியில் தண்ணீர் விழ வேண்டும், கூட்டம் வர வேண்டும். ஆனால் உயிரினங்களின் சீசன் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும், அருவியில் நூல் போலத் தண்ணீர் வழியும் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரைதான் அது. முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும். மைனா, காகம், அணில், கூட்டமாக வரும் சோளக்குருவி எல்லாம் அந்த ஒரே மரத்தில் தேன் குடிக்கும். அடுத்து புங்கை, பிறகு வேம்பு. குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுத் திருவிழா நடக்கும் நாட்களில் எங்கள் வேம்பின் கீழ் நின்றால் தேனீ இரைச்சல் காதை அடைக்கும்.

இதே நாட்களில்தான் குளிர்கால விருந்தாளிகளும் புறப்படுகின்றன. விடியற்காலையிலும் அந்தி மயங்கும்போதும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற பறவை வடக்கே போய்விடும். மாங்குயிலும் கிளம்பிவிடும். வருவது எது, போவது எது என்று ஒரே மாதத்தில் இரண்டையும் பார்க்கலாம். வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தால் இத்தனையும் கைநழுவிப் போகும்.

ஒரே இடம், ஒரே நேரம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். நடக்காதீர்கள். ஒரு மர நிழலைத் தேர்ந்தெடுத்துத் தினமும் அங்கேயே உட்காருங்கள். காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை நல்ல நேரம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்காது. தவிட்டுக்குருவிக் கூட்டம் நம்மைப் பார்த்துக் கத்தும், அணில் வாலைத் தூக்கித் தூக்கி எச்சரிக்கும். அந்த இருபது நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்களுக்குத் தோட்டம் எப்போதும் காலியாகத்தான் தெரியும். வெள்ளை வேட்டி, பளிச்சென்ற சட்டை வேண்டாம். பழைய காக்கி, மங்கிய பச்சை போதும். செல்போனை அணைத்துவிடுங்கள்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. காது போதும். மாம்பழச்சிட்டின் நீண்ட சீட்டி, செம்போத்தின் ‘ஊப் ஊப்’, குயிலின் ஏறிக்கொண்டே போகும் கூவல் என்று குரலால் பத்துப் பறவையைத் தெரிந்துகொண்டாலே தோட்டத்தின் வரைபடம் மனதில் பதிந்துவிடும்.

தரிசை எரிக்காதீர்கள்

இது என் தவறிலிருந்து வந்த பாடம். கார் சாகுபடிக்கு முன் காய்ந்த புல்லையும் தாளையும் கொளுத்திவிடுவது வழக்கம். நானும் ஒரு சித்திரையில் கொளுத்தச் சொன்னேன். புகைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிகள் கத்திக்கொண்டே சுற்றின. பாம்பைக் கண்டு கத்துகின்றன என்று நினைத்தேன். நெருப்பு அணைந்த பிறகு போய்ப் பார்த்தால், கரிக்கு நடுவே நான்கு முட்டைகள் வெடித்துக் கிடந்தன.

ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சின்னக் குழி, அதைச் சுற்றிக் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். முட்டை மண் நிறத்தில் கரும்புள்ளியோடு இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். கொளுத்தும் வெயிலில் பக்கத்து வாய்க்காலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். முட்டை சூடேறிவிடாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு. இதை நான் முதன்முதலாகப் பார்த்தது, அந்த நெருப்புக்கு அடுத்த ஆண்டு. பார்த்துக்கொண்டே இருந்தபோது முந்தின வருடத்து நான்கு முட்டைகள்தான் நினைவில் நின்றன.

இப்போது நாங்கள் எரிப்பதில்லை. மழைக்குப் பிறகு உழவு தொடங்கும்போது புல்லை நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுக்கிறோம். உள்ளே இருக்கும் காடைக்கும் கௌதாரிக் குஞ்சுக்கும் ஓடிப்போக வழி கிடைக்கும். வரப்பு ஓரத்தில் இரண்டு முழ அகலத்துக்கு எதையும் தொடுவதில்லை. தும்பை, கொழுஞ்சி, ஆவாரை, கிலுகிலுப்பை எல்லாம் அங்கே வளரட்டும் என்று விட்டுவிட்டோம்.

கிலுகிலுப்பை காய்ந்து சாய்ந்தாலும் பிடுங்காதீர்கள். மேற்கு மலையிலிருந்து கோடை மழைக்காலத்தை ஒட்டிச் சமவெளிக்கு இறங்கும் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் அந்தக் காய்ந்த தண்டில்தான் மொய்க்கும். அதிலிருந்து உறிஞ்சும் சத்தைக் கொண்டு பெண்ணை ஈர்க்கும் மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. ஒரு காய்ந்த செடியில் முப்பது நாற்பது சிறகுகள் மூடித் திறப்பதை எங்கள் வரப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன்

நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடாதீர்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம் புழு அது. வளர்ந்தால் இலைப் பச்சைக்கு மாறும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு போலச் செம்மஞ்சள் கொம்பு ஒன்று நீண்டு, ஒரு நெடியை விட்டு உள்ளே போகும். குழந்தைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள், போதும். மறுபடி மறுபடி தொட்டால் புழு இளைத்துவிடும். நாலு இலை போனால் மரம் ஒன்றும் கெட்டுவிடாது.

வேலியோர எருக்கையும் அப்படியே விடுங்கள். வெந்தய வரியன் முட்டையிடுவது அதில்தான். எருக்கம்பாலின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை.

பூவரசு, புடலை, எலுமிச்சை என்று எதைக் கவாத்து செய்வதற்கு முன்பும் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். ஓர் இலை சுருண்டு ஓரங்கள் சேர்ந்திருந்தால் அது தையல்சிட்டின் கூடாக இருக்கலாம். நான் காலியான கூடு ஒன்றை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம் தையல் போல ஒரே நூல் ஓடுவதில்லை. இலையோரத்தில் ஊசி அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையோ இலவம்பஞ்சையோ இழுத்து, வெளியே வந்த முனையைப் பிரித்துவிட்டிருக்கிறது. அந்தப் பிசிர்தான் முடிச்சு. ஒவ்வொரு தையலும் தனித்தனியாகப் பொத்தான் வைத்தது போல நிற்கிறது.

மொட்டைப் பனையையும் விறகுக்கு வெட்டக் கொடுக்காதீர்கள். தலை போன பனையின் பொந்தில்தான் பச்சைக்கிளி, மைனா, பனங்காடை எல்லாம் குடியிருக்கின்றன. பங்குனியில் பனங்காடை உயரே போய் நீலச் சிறகு மின்ன உருண்டு விழும் காட்சிக்கு அந்த மொட்டைப் பனைதான் மேடை. கிளிக்குஞ்சை எடுத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பொந்துக்கு வெளியே தாய்க்கிளி கத்துவதைக் கேட்டவர்களுக்கு அந்த ஆசையே வராது.

தண்ணீர் வையுங்கள், தீனி வேண்டாம்

அகன்ற மண்சட்டி போதும். தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் நீரை விட்டு மேலே தெரியும்படி ஒரு கல்லை வையுங்கள். தேனீயும் குளவியும் அதில் இறங்கிக் குடிக்கும், மூழ்காது. நிழலில், ஆனால் புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மாற்றினால் கொசு வராது.

பிஸ்கட், முறுக்கு, சோறு எதுவும் வேண்டாம். குற்றாலத்து அருவிக்கரைக் குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும் அளவுக்கு வந்தது நாம் ஊட்டிப் பழக்கியதால்தான்.

கூட்டைக் கண்டுபிடித்துவிட்டால்

உடனே நகர்ந்துவிடுங்கள். நாம் அடிக்கடி போகும் இடத்தைக் காகமும் கவனிக்கிறது, கீரியும் மோப்பம் பிடிக்கிறது. படத்துக்காகக் கிளையை ஒதுக்கிக் கட்டினால் கூட்டுக்கு வெயில் படும். பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த மாதங்களில் கூடாது. குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தை, இல்லாத எதிரியைத் துரத்துவதில் அது வீணாக்கும்.

வடகரை, மேக்கரை போல மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு இன்னொன்று. அங்கே யானையும் பன்றியும் இறங்கும். இருட்டுவதற்குள் வீடு திரும்புங்கள். எங்கும் காய்ந்த சருகில் கால் வைக்கும் முன் கம்பால் ஒரு தட்டுத் தட்டுங்கள், பாம்பு தானே விலகிப் போகும்.

நோட்டில் எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், என்ன செய்தது. இந்த நான்கு போதும். இடத்தைக் குறிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் பறவை பிடிக்கும் சிங்கன் வரும் பகுதியைப் படித்துப் பாருங்கள். பறவைகளின் பெயர் வரிசையோடு, அவை மேயும் வயல்களின் பெயர்களும் வருகின்றன. எந்தப் பறவை, எந்த வயல் என்று சேர்த்தே சொல்லும் பழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை குறித்து எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டு முற்றத்து அணிலையும் காகத்தையும் பற்றி எழுதினார். நம் முற்றமும் எழுதத் தகுந்ததுதான் என்ற நம்பிக்கை எனக்கு அவரிடமிருந்து வந்தது. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் உங்கள் பட்டியலைச் சேர்க்கலாம்.

இடம் சிறியது என்று தயங்க வேண்டாம். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் மக்கள் தங்கள் கோயிலை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டார்கள். 2005-ல் அது இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு.

எங்கள் மேட்டு வரப்பைப் போன வருடம் சமப்படுத்த ஜேசிபி வந்தது. பொந்துகள் இருக்கும் பத்தடியை மட்டும் விட்டுவிடச் சொன்னோம். இந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம், வாலில் கம்பி இன்னும் நீளாத குஞ்சுகள் மின்கம்பியில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஆட்டுக்காரப் பெண் விரல் விட்டு எண்ணி, “நாலு இருக்கு அண்ணாச்சி” என்றாள். தாய் ஒரு தேனீயோடு வந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் செம்பருத்தி மறைவுக்கு நகர்ந்துகொண்டேன்.